எண்ணெய்க்கு மரம் பார்க்காதீங்க, சதவீதம் பாருங்க

முதல்லயே சொல்லிடறேன், இது சமையல் குறிப்பு இல்லை. சண்டைப் பதிவு. ஆலிவ் ஆயில் கட்சிக்காரங்களும் மரச்செக்கு கட்சிக்காரங்களும் ஆளுக்கொரு கட்டையை எடுத்துக்கிட்டு வரலாம். ரெண்டு பேருக்கும் இதுல பங்கு வச்சிருக்கேன் :-)

என் கட்சி ஒண்ணே ஒண்ணுதான். எண்ணெயை மரத்தோட பேரைப் பார்த்து வாங்காதீங்க. உள்ள என்ன கொழுப்பு அமிலம், எவ்வளவு சதவீதம்னு பார்த்து வாங்குங்க. அப்படிப் பார்க்க ஆரம்பிச்சா, வதோதராவுல இருந்துக்கிட்டு, அதாவது நாட்டிலேயே அதிகமா நிலக்கடலை விளையற மாநிலத்துல குடியிருந்துக்கிட்டு, இத்தாலிக் குன்று படம் போட்ட பாட்டிலுக்கு மாசா மாசம் நாம கொட்டிக் குடுக்கற பணத்துல முக்கால்வாசி படத்துக்குத்தான் போகுதுன்னு தெரியும்.

பக்கத்து வீட்டு குஜராத்திக் குடும்பம் தீபாவளி தாண்டினதும், புதுக் கடலை வந்த கையோட, 15 கிலோ சிங்தேல் டப்பாவை வருஷத்துக்குன்னு வாங்கி வச்சுக்கும். நம்மாளு அதைப் பார்த்து "ஐயோ, கடலை எண்ணெயா, கொலஸ்ட்ரால் ஆச்சே"ன்னு மூக்கைச் சுளிப்பாரு. எந்தத் தாவர எண்ணெயிலயும் சொல்லிக்கற மாதிரி கொலஸ்ட்ரால் கிடையாது சாமி. அது பிராணிங்க சமாச்சாரம். ரத்தத்துல இருக்கற கொலஸ்ட்ராலை ஏத்தறதும் இறக்கறதும், நாம சாப்பிடற கொழுப்பு எந்த வகைங்கறதைப் பொறுத்தது. அந்த வகையைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

அது என்ன ஒலீயிக்?

பாட்டில் முதுகுல "மூஃபா"ன்னு ஒரு வரி இருக்குமே, அதுல ஏறக்குறைய முழுசும் ஒலீயிக் அமிலம்தான் (கடுகெண்ணெய் மட்டும் விதிவிலக்கு, பின்னாடி வரேன்). எண்ணெய்ங்கறது கிளிசரின்ல மூணு கொழுப்பு அமிலம் தொங்கற மூலக்கூறு. ஒலீயிக்குக்கு 18 கார்பன் நீளச் சங்கிலி, நட்டநடுவுல ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு. அந்த இடத்துல சங்கிலி முட்டி மடக்கின மாதிரி வளைஞ்சிருக்கும். வளைஞ்சதை நெருக்கி அடுக்க முடியாது. அதனால சாதாரண சூட்டுல திரவமா இருக்கும். அதே 18 கார்பன், இரட்டைப் பிணைப்பு இல்லைன்னா அது ஸ்டியரிக் அமிலம். கட்டியா இருக்கும், மெழுகுவத்திக்குப் போகும்.

இரட்டைப் பிணைப்பு ரெண்டு இருந்தா லினோலெயிக். சூரியகாந்தி, சோயா, பருத்திக்கொட்டை எண்ணெய்ல எல்லாம் அதுதான் ராஜா. உடம்புக்கு அது அவசியம், கொஞ்சமாவது வேணும். ஆனா ரெண்டு பிணைப்புக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு ஒரு கார்பன் நிக்குது பாருங்க, ஆக்சிஜன் அதுமேலதான் முதல்ல கை வைக்கும். அதனால காத்துலயும் சூட்டுலயும் லினோலெயிக் கெடற வேகம் ஒலீயிக்கை விடப் பல மடங்கு. ஒலீயிக் அதிகமான எண்ணெய் சீக்கிரம் காறல் வாடை அடிக்காது, வடைச்சட்டியில சீக்கிரம் பிசுபிசுக்காது. இதய சமாச்சாரம் இருக்கட்டும், முறுக்கு சுடறவங்களுக்கே இது பெரிய விஷயம்.

பேர்ல "ஒலீ" இருக்கறதால இது ஆலிவோட சொத்துன்னு நினைச்சுக்காதீங்க. லத்தீன்ல எண்ணெய்க்கே அந்தப் பேருதான். அதைப் பிரிச்சுப் பேரு வச்சவர் செவ்ரல்ங்கற பிரெஞ்சு வேதியியல்காரர். 1823ல வந்த அவரோட புத்தகம் மிருகக் கொழுப்புகளைப் பத்தினது. பன்றிக் கொழுப்புல செஞ்ச சோப்பை நோண்டிக்கிட்டு இருந்த மனுஷன் அவர். பன்றிக் கொழுப்புலயும் ஒலீயிக் 40 சதவீதத்துக்கு மேல இருக்கும். நம்ம நெய்யில கால்வாசி ஒலீயிக். அவ்வளவு ஏன், நம்ம இடுப்பைச் சுத்தி உட்கார்ந்திருக்கற டயர்லயும் அதிகமா இருக்கற கொழுப்பு அமிலம் ஒலீயிக்தான். உடம்பே தயார் பண்ணிக்கும். இத்தாலியில இருந்து கப்பல்ல வந்தாத்தான் கிடைக்கும்ங்கற சரக்கு இல்லை இது.

ஆலைக்காரன் எப்படி வாங்கறான்?

நான் ஆணி பிடுங்கற இடம் ஒரு ரசாயனத் தொழிற்பேட்டை. சோப்பு, மசகு, கிரீம், ஜவுளிக்குப் போடற பதம்னு எத்தனையோ வேலைக்கு ஒலீயிக் அமிலம் டிரம் டிரம்மா வந்து இறங்கும். பாமாயிலைப் பிளந்ததா இருக்கலாம், வேற எண்ணெயா இருக்கலாம், மாட்டுக் கொழுப்பாவும் இருக்கலாம். வாங்கற ஆளு லாரி வந்ததும் கேக்கற முதல் காகிதம் பகுப்பாய்வுச் சான்றிதழ். அதுல 18 கார்பன் ஒற்றைப் பிணைப்பு இத்தனை சதவீதம், ரெட்டைப் பிணைப்பு இத்தனை, அயோடின் மதிப்பு இத்தனைன்னு இருக்கும். சதவீதம் ஒத்து வரலைன்னா வண்டி திரும்பிப் போகும். டிரம் மேல எந்த மரம் வரைஞ்சிருக்குன்னு எவனும் பார்க்க மாட்டான்.

இயந்திரத்துக்குப் போடற எண்ணெய்க்கு இவ்வளவு கறார். பிள்ளைங்களுக்கு தோசை சுடற எண்ணெய்க்கு நாம பார்க்கறது படம், கூட ஒரு சிவப்பு இதயம். இதுதான் என் ஆத்திரம்.

சரி, சதவீதத்தைப் பார்த்துடலாம். மொத்தக் கொழுப்பு அமிலத்துல ஒலீயிக் எவ்வளவுங்கற கணக்கு. ரகம், மண், பருவம் பொறுத்து முன்னப்பின்ன ஆகும்:

ஆலிவ்: 55 முதல் 83
கனோலா: 51 முதல் 70
கடலை எண்ணெய் (சாதா ரகம்): பெரும்பாலும் 40 முதல் 50
அரிசித் தவிட்டு எண்ணெய்: 38 முதல் 48
பாமோலின்: 40 முதல் 46
நல்லெண்ணெய்: 35 முதல் 45
சூரியகாந்தி (சாதா): 14 முதல் 39
சோயா: 17 முதல் 30
பருத்திக்கொட்டை: 15 முதல் 22
கடுகு: 8 முதல் 23
தேங்காய்: 5 முதல் 10

ஆலிவ் மேலதான் இருக்கு, மறுக்கல. ஆனா மேல கீழன்னு சொல்றது வேற, எவ்வளவு மேலன்னு கேக்கறது வேற. ஆலிவ் 70, கடலை 45ன்னு வச்சுக்கிட்டா ஒன்றரை மடங்கு. விலை எத்தனை மடங்குன்னு உங்க மளிகைக் கடைச் சீட்டைப் பார்த்து நீங்களே வகுத்துக்கோங்க. நான் சொன்னா சண்டைக்கு வருவீங்க.

இன்னொண்ணு. ஒலீயிக்கை மட்டும் பார்த்தாலும் ஏமாறலாம். பட்டியல்ல பாமோலின் கடலை எண்ணெய்க்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கு பாருங்க. ஆனா பாமோலின்ல நிறைவுற்ற கொழுப்பு 45 சதவீதத்தை ஒட்டி வரும். கடலையில ஏறக்குறைய 20க்குள்ள. அதனால ரெண்டு எண்ணைச் சேர்த்துப் பார்க்கணும்: மூஃபா எவ்வளவு, நிறைவுற்றது எவ்வளவு. கடுகெண்ணெய்ல மூஃபா நிறைய போட்டிருக்கும், ஆனா அதுல பெரும்பங்கு எரூசிக்ங்கற வேற அமிலம். அதைக் குறைச்சு வளர்த்ததுதான் கனடாக்காரங்களோட கனோலா.

மூணு ஏமாத்து வேலை

ஒண்ணு, கலப்பு எண்ணெய். முன்னாடி பெரிசா "ஆலிவ்", பச்சைக் கிளை, ஓடற தாத்தா பாட்டி. பின்னாடி திருப்பினா பொடி எழுத்துல "ஆலிவ் 20 சதவீதம்". சட்டப்படி ரெண்டு எண்ணெயைக் கலந்தா ஒவ்வொண்ணும் குறைஞ்சது 20 சதவீதம் இருக்கணும், அளவை எழுதவும் எழுதணும். எழுதிட்டாங்க, தப்பில்லை. நாம கணக்குப் போடலைங்கறதுதான் தப்பு. 20 பங்கு ஆலிவ், 80 பங்கு தவிட்டெண்ணெய்னு வைங்க. ஆலிவுக்கு 70, தவிட்டுக்கு 42ன்னு எடுத்தா, 14 கூட்டல் 33.6, ஆக 47.6. இது என்னன்னு தெரியுதா? சாதா கடலை எண்ணெய் நிக்கற இடம்! மிச்ச 80 பங்கு சாதா சூரியகாந்தின்னா, அதுக்கு 28 போட்டா, 14 கூட்டல் 22.4, ஆக 36.4. பாட்டி எண்ணெய்க் குளியலுக்குத் தேய்ச்சு விட்ட நல்லெண்ணெய் இதைவிட மேல இருந்தாலும் ஆச்சரியமில்லை.

ரெண்டு, பாமேஸ். ஆலிவ் பழத்தை அரைச்சுப் பிழிஞ்சு நல்ல எண்ணெயை எடுத்த பிறகு மிஞ்சற சக்கையைக் கரைப்பான் ஊத்தி, மிச்சம் மீதியைக் கறந்து, சுத்திகரிச்சு, கொஞ்சம் நல்ல எண்ணெயை வாசனைக்குச் சேர்த்து விக்கறதுதான் பாமேஸ். நம்மூர்ல புண்ணாக்குல ஹெக்சேன் ஊத்தி எடுத்தா "ரசாயன எண்ணெய்"னு முகம் சுளிக்கறவங்க, அதையே ஸ்பெயின்காரன் செஞ்சு அனுப்பினா "இந்தியச் சமையலுக்கு உகந்தது"ன்னு தேடி வாங்கறாங்க. பாமேஸ் விஷம் இல்லை. ஒலீயிக்கும் அதுல நல்லாவே இருக்கு. ஆனா ஆலிவுக்கு உலகம் முழுக்கப் பேரு வாங்கிக் குடுத்த அந்தக் கசப்பு, தொண்டையில காரமா இறங்கற பாலிஃபீனால், அதெல்லாம் சுத்திகரிப்புல பெரும்பாலும் போயிடும். "எக்ஸ்ட்ரா லைட்"டும் இந்தக் கதைதான். லைட்டுன்னா நிறமும் மணமும் லைட்டு. கலோரி ஒரு கிராமுக்கு அதே 9.

மூணாவது, "அமிலத்தன்மை 0.8 சதவீதத்துக்குக் கீழே"ங்கற வரி. இதை நாமளே தப்பாப் படிச்சுக்கறோம். எக்ஸ்ட்ரா வர்ஜின்னு சொல்ல 0.8 உச்ச வரம்பு. அந்த எண்ணை ஒலீயிக் அமிலக் கணக்குலதான் சொல்வாங்க. ஆனா அது கிளிசரினை விட்டு உதிர்ந்து தனியாத் திரியற அமிலம். பழம் நசுங்கி, நாள்பட்டு, எண்ணெய் சிதைஞ்சதுக்கான அடையாளம். கிளிசரின்ல ஒட்டியிருக்கற ஒலீயிக் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது, உதிர்ந்த ஒலீயிக் எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது. 0.8ஐப் பார்த்துட்டு "ஒலீயிக்கே இல்லையே"ன்னு ஒருத்தர் எங்கிட்ட சண்டைக்கு வந்திருக்காரு, சத்தியமா.

இதயத்துக்கு நல்லதுதானே?

நல்லதுதான், நிபந்தனையோட. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 நவம்பர்ல ஒலீயிக் 70 சதவீதமாவது இருக்கற எண்ணெய்களுக்கு ஒரு வாசகத்தை அனுமதிச்சுது. தினம் ஒன்றரை மேசைக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 20 கிராம், எடுத்துக்கிட்டா இதயநோய் அபாயம் குறையலாம்னு. கூடவே ரெண்டு கண்டிஷன்: நிறைவுற்ற கொழுப்பு அதிகமான எண்ணெய், கொழுப்புகளுக்குப் பதிலாச் சேர்க்கணும், மொத்தக் கலோரி ஏறக் கூடாது. ஆதாரம் முடிவானது இல்லைன்னும் அந்த வாசகத்துலயே இருக்கு. கவனிங்க, அதுல மரத்தோட பேரு நிபந்தனை இல்லை. சதவீதம்தான் நிபந்தனை. சாதா கடலை எண்ணெய்க்கு அந்தத் தகுதி கிடையாது, ஒத்துக்கறேன். நீங்க வாங்கற 20 சதவீதக் கலப்புக்கும் கிடையாது.

ஸ்பெயின்ல நடந்த பிரெடிமெட் ஆய்வைக் காட்டுவீங்க. 2013ல வந்துது, ஆட்களைப் பிரிச்ச முறையில கோளாறுன்னு திரும்பப் பெற்று, 2018ல திருத்தி மறுபடி வெளியிட்டாங்க. முடிவு பெரிசா மாறல, எக்ஸ்ட்ரா வர்ஜின் குழுவுக்கு நல்லது நடந்திருக்கு. நல்ல ஆய்வுதான். ஆனா அவங்களுக்குக் குடுத்தது எக்ஸ்ட்ரா வர்ஜின், பாமேஸ் இல்லை. கூடவே காய், பழம், பருப்பு, மீன்னு சாப்பிடற சாப்பாட்டுமுறை. அதுல இருந்து எண்ணெயை மட்டும் பிடுங்கிட்டு வந்து பூரிக்கு ஊத்தினா ஸ்பெயின்காரன் இதயம் நமக்கு வந்துடாது.

இது வெறும் காசு விஷயமா இருந்தா நான் இவ்வளவு கத்த மாட்டேன். எங்க தமிழ் வட்டத்துல ஒரு அண்ணன், 50 தாண்டினவர். ஸ்டென்ட் வச்சு அனுப்பும்போது ஒரு மருத்துவமனையில குடுத்த டயட் சீட்டுல "ஆலிவ் ஆயில் உபயோகிக்கவும்"னு ஒரு வரி. எந்த வகை, எவ்வளவு, எதுக்குப் பதிலா, ஒண்ணும் இல்லை. அண்ணி கடைக்குப் போய் ஆலிவ்லயே விலை குறைஞ்ச 5 லிட்டர் டின்னை வாங்கிட்டு வந்தாங்க. பாமேஸ்.

"மாசத்துக்கு எவ்வளவு ஆகுது அண்ணி?"ன்னு கேட்டேன்.

"நாலு பேருக்கு ஒரு டின்னு தம்பி. முன்னாடி இவருக்கு எண்ணெய்ப் பலகாரமே போடறதில்ல. இப்ப ஆலிவ்தானேன்னு வாரத்துக்கு ரெண்டு தடவை பஜ்ஜி, வடைன்னு கேக்கறாரு. ஒண்ணும் பண்ணாதுல்ல?"

கணக்குப் போடுங்க. 5 லிட்டர் ஏறக்குறைய 4.6 கிலோ. நாலு பேரு, 30 நாள். தலைக்கு ஒரு நாளைக்கு 38 கிராம். முன்ன சொன்ன 20 கிராமுக்குக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. இதுதான் எனக்குப் பயம். மரத்தோட பேரு ஒரு அனுமதிச் சீட்டு மாதிரி ஆகிடுது. கடலை எண்ணெய்னா பயந்து பயந்து ஸ்பூன்ல ஊத்தின கை, ஆலிவ்னதும் தாராளமாச் சாயுது. மாத்திரை மருந்துக்கு டாக்டர் சொல்றதைக் கேளுங்க, நான் டாக்டர் இல்லை. ஆனா எண்ணெய்னு டாக்டர் எழுதினா "எந்த வகை, எத்தனை கிராம், எதுக்குப் பதிலா"ன்னு மூணு கேள்வி கேக்காம வெளிய வராதீங்க.

இப்ப செக்குக் கட்சிக்கு வரேன்

ஆலிவைத் திட்டினதும் கை தட்டினீங்கல்ல, உட்காருங்க. மரச்செக்குல ஆட்டினா ஒலீயிக் ஏறாது. ரோட்டரியில ஆட்டினாலும், கரைப்பான்ல எடுத்தாலும், அதே கடலையில அதே சதவீதம்தான். செக்குல மிஞ்சறது மணம், ருசி, கொஞ்சம் இயற்கைச் சத்து. அது நல்ல விஷயம், அதுக்காக வாங்கினா சரி. "செக்குன்னா கொலஸ்ட்ராலைக் கரைக்கும்"னு வாட்ஸப்புல வர்றதை நம்பி வாங்கினா, படத்தைப் பார்த்து ஏமாந்தவருக்கும் உங்களுக்கும் வித்தியாசம் இல்லை.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. சரியாக் காய வைக்காத கடலையில பூஞ்சை பிடிச்சா அஃப்ளடாக்சின் வரும். கல்லீரலுக்கு எமன். சுத்திகரிப்புல அது பெரும்பாலும் நீங்கிடும். செக்கெண்ணெய்ல அந்த வடிகட்டல் கிடையாது, கடலை சுத்தமா இருந்தா மட்டும்தான் எண்ணெய் சுத்தம். அதனால செக்குக்காரர்கிட்ட "மரம் வாகையா"ன்னு கேக்கறதுக்கு முன்னாடி "கடலையைப் பொறுக்கினீங்களா, சொத்தை எடுத்தீங்களா"ன்னு கேளுங்க. 1998ல டெல்லியில கடுகெண்ணெய்ல பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்து பல உயிர் போச்சு. பாரம்பரிய எண்ணெய்ங்கற பேரு அவங்களைக் காப்பாத்தல.

"நம்ம மண்ணோட எண்ணெய்"ங்கற வாதமும் வேண்டாம். கடலையே தென்னமெரிக்கச் சரக்கு. எங்க திண்டிவனம் பக்கம் அதுக்குப் பேரு மல்லாட்டை. மணிலாக்கொட்டை தேய்ஞ்சு மல்லாட்டை ஆனது. வந்த வழி பேர்லயே இருக்கு. மண்வாசனைக்காக நான் கடலைக்குப் பரிஞ்சு பேசல. சதவீதத்துக்காகத்தான். நம்ம கொல்லை முருங்கை விதையில எடுக்கற எண்ணெய்ல 70 சதவீதத்துக்கு மேல ஒலீயிக் இருக்கு, ஒரு காலத்துல கடிகாரக்காரங்க மசகாப் போட்டது. அதுக்காக முருங்கை எண்ணெய்ல தாளிக்கச் சொல்வேனா? விலை கட்டுபடியாகாது. சதவீதமும் வேணும், விலையும் படியணும்.

ரெண்டும் சேர்ந்த ஒண்ணு இருக்கு. கடையிலதான் இல்லை

இதுக்காகத்தான் இவ்வளவு இழுத்தேன்.

செடிக்குள்ள ஒலீயிக்கை லினோலெயிக்கா மாத்தற ஒரு நொதி இருக்கு. கடலையில அதுக்கு ரெண்டு மரபணு. ரெண்டும் பழுதானா மாத்தற வேலை நின்னு போய், ஒலீயிக் அப்படியே தங்கிடும். இயற்கையா அப்படி ஆன கடலையை புளோரிடா பல்கலைக்கழகத்துக்காரங்க கண்டுபிடிச்சு 1987ல எழுதினாங்க. ஒலீயிக் 80 சதவீதம். அந்தக் குணத்தை நம்மூர் ரகத்துல ஏத்தி, ஐதராபாத் பக்கம் இருக்கற இக்ரிசாட்டும், நம்ம குஜராத் ஜூனாகத்துல இருக்கற நிலக்கடலை ஆராய்ச்சி மையமும் சேர்ந்து கொண்டு வந்ததுதான் கிர்னார் 4, கிர்னார் 5. ஜூனாகத் மலையோட பேரு. வேற உயிரோட மரபணு எதையும் திணிக்கல, பழைய ஒட்டுமுறைதான், மரபணு அடையாளத்தைப் பார்த்துப் பொறுக்கினது. 2020 அக்டோபர்ல பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணிச்ச 17 சத்தேற்றிய ரகங்கள்ல இந்த ரெண்டும் உண்டு. ஒலீயிக் 80ஐ ஒட்டி. அதாவது சராசரி ஆலிவுக்கு மேல!

அப்ப கடைக்குப் போய் "80 சதவீத ஒலீயிக் கடலை எண்ணெய் ஒரு டப்பா குடுங்க பாய்"னு கேளுங்க பார்ப்போம். அவர் உங்களை மேலயும் கீழயும் பார்ப்பாரு.

ஏன்? மண்டியில கடலைக்கு விலை வைக்கறது ஈரம், எடை, பருப்புத் தேறலைப் பார்த்து. ஒலீயிக்குக்கு யாரும் தனி விலை வைக்கறதில்லை. 80 சதவீதக் கடலையும் 45 சதவீதக் கடலையும் ஒரே குவியல்ல விழுந்தா ரெண்டும் இல்லாத ஒண்ணாத்தான் வெளிய வரும். தனியாப் பயிரிட்டு, தனியா மூட்டை கட்டி, தனியா ஆட்டினாத்தான் அந்தக் குணம் பாட்டில் வரை வரும். தின்பண்டக் கம்பெனிகளுக்கு இது தெரியும். சாக்லேட்டுல போடற கடலை மாசக்கணக்குல காறாம இருக்கணும்னு ஒலீயிக் சதவீதம் கேட்டு வாங்கறாங்க. அவங்க கேட்டாங்க, அவங்களுக்குக் கிடைக்குது. நாம கேக்கவே இல்லை. நாம கேட்டது ஆலிவ் படம், அது கிடைச்சுது.

நாடு உபயோகிக்கற சமையல் எண்ணெய்ல பாதிக்கு மேல வெளிய இருந்து வருது. 2021 ஆகஸ்ட்ல பாமாயில் மரம் வளர்க்க 11,040 கோடி ரூபாய்த் திட்டம் போட்டாங்க. 2024 அக்டோபர்ல எண்ணெய் வித்துக்குன்னு 10,103 கோடி. அதுக்கெல்லாம் முன்னாடி, 2007ல தொடங்கி ராஜஸ்தான் பாலைவனத்துல இஸ்ரேல் உதவியோட ஆலிவ் மரமே நட்டுப் பார்த்தாங்க. நடட்டும், வேணாம்னு சொல்லல. ஆனா கையில இருக்கற 80 சதவீதக் கடலையை அடுப்பங்கரை வரைக்கும் கொண்டு வர ஒரு தனி மூட்டையும் ஒரு வரி லேபிளும் போதும். அதுக்குக் கேக்கற ஆள்தான் வேணும்.

அதுவரைக்கும் என்ன பண்ணலாம்?

1. பாட்டிலைத் திருப்புங்க. 100 கிராமுக்கு மூஃபா எவ்வளவு, நிறைவுற்றது எவ்வளவுன்னு பாருங்க. மூஃபா போடாத பாட்டிலும் உண்டு. போடாதவனை வாங்காதீங்க.

2. பொரிக்க, தாளிக்க கடலை எண்ணெயோ தவிட்டெண்ணெயோ போதும். நடுவுல நல்லெண்ணெய், கொஞ்சம் தேங்காய் எண்ணெய் ருசிக்கு. ஒரே எண்ணெயைக் கட்டிக்கிட்டு அழ வேண்டாம். லினோலெயிக்கும் வேணும்னு சொன்னேனே, இந்தக் கலவையில அது தானா வந்துடும்.

3. ஆலிவ் ஆசை இருந்தா எக்ஸ்ட்ரா வர்ஜின் வாங்குங்க, சின்ன பாட்டில், கறுப்புக் கண்ணாடி, அறுவடைத் தேதி பார்த்து. பச்சையா சாலட்டுல ஊத்துங்க. பாமேஸுக்கும் 20 சதவீதக் கலப்புக்கும் ஆலிவ் விலை குடுக்காதீங்க. இட்லிப் பொடிக்கு ஆலிவ் ஊத்தறவங்களை மட்டும் நான் மன்னிக்கறதா இல்லை.

4. தலைக்கு மாசம் எத்தனை மில்லி ஆகுதுன்னு இந்த மாசம் எழுதி வைங்க. எந்த எண்ணெய்ங்கறதை விட எவ்வளவு எண்ணெய்ங்கறது பெரிய கேள்வி. இதைச் சொன்னதும் தங்கமணி என்னை முறைச்சாங்க, அப்புறம் அவங்களே டின் மேல தேதி எழுத ஆரம்பிச்சுட்டாங்க.

5. பொரிச்ச எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சாதீங்க. ஒலீயிக் அதிகம்னாலும் அதுக்கும் ஆயுசு உண்டு. ஓட்டல் எண்ணெய்ல சிதைவுப் பொருள் 25 சதவீதம் தாண்டினா கொட்டணும்னு 2018ல இருந்து சட்டமே இருக்கு. நம்ம வீட்டுல அளக்கக் கருவி இல்லை, அதனால நுரை, கறுப்பு, வாடை வந்தாக் கொட்டிடுங்க.

6. அடுத்த தடவை டப்பா வாங்கும்போது கடைக்காரர்கிட்ட அந்தக் கேள்வியைக் கேளுங்க. "ஒலீயிக் எவ்வளவு? கிர்னார் எண்ணெய் வருமா?" ஒருத்தர் கேட்டாப் பைத்தியம்னு நினைப்பாரு. சூரத், அகமதாபாத், புனே, டெல்லின்னு அங்கங்க இருக்கற நம்ம வீடுகள்ல இருந்து ஐம்பது பேரு கேட்டா மொத்த வியாபாரிகிட்ட சொல்லுவாரு. வியாபாரி ஆலைக்குச் சொல்லுவாரு. ஆலைக்காரனுக்குச் சதவீதம் புரியும், அவன் பொழைப்பே அதுதான்.

மூஃபாங்கற மொத்தக் கணக்கோட நிறுத்தாம, ஒவ்வொரு எண்ணெய் பாட்டில்லயும் ஒலீயிக் இத்தனைன்னு தனி வரியாக் கட்டாயம் போடணும்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு விதி கொண்டு வரணும். இதுதான் என் கோரிக்கை. ஆலையில எல்லாரும் ஏற்கெனவே அளந்து வச்சிருக்கற எண்தான். அதை அச்சடிக்க ஆகற மை ஆலிவ் கிளை வரையற மையை விடக் கம்மி.

கட்டையோட வர்றவங்க வரிசையில வாங்க. பின்னூட்டப் பெட்டி திறந்துதான் இருக்கு.

பி.கு.: "அப்ப நெய்?"னு கேக்கப் போறவங்களுக்கு. கால்வாசி ஒலீயிக், பாதிக்கு மேல நிறைவுற்றது. பருப்புச் சாதத்துக்கு ஒரு ஸ்பூன். அதுக்கு மேல எங்கிட்ட சர்டிபிகேட் கேக்காதீங்க :-)